குருசடி முக்கில் உயரமான வண்டி

ஜாக்சன் கப்பலிலிருந்து இறங்கி வந்த மூன்றாம் நாள், கார் வாங்கும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அதை அவனிடம் யாரும் கொடுக்கவில்லை. அண்ணன் சிலுவை இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. வருஷப் பூசைக்கு முன்னால் வண்டி வந்துவிட வேண்டும் என்று அவனே நாள் குறித்து, மனைவி அனிஷாவிடம் சொல்லி, அனிஷா வழியாக அந்தச் செய்தி சிலுவையின் மனைவி பிளாரன்ஸுக்கு வந்து சேர்ந்தது. தன் பணத்தில் தனக்காக வாங்கப்போகிற வண்டியைப் பற்றி அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்வதும் ஒரு வசதிதான் என்று பிளாரன்ஸ் நினைத்துக்கொண்டாள்.

கார் வாங்கலாம் என்று முதலில் சொன்னவளே அவள்தான். துறைமுகத்தில், ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கக் காகிதங்கள் தயார்செய்யும் ஒரு ஏஜென்ட் அலுவலகத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. சிலுவை ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். காலையில் அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவாள், மாலையில் அதே பைக்கில் திரும்புவாள். பிப்ரவரியில் ஒரு நாள் அவர் கிரேன் அறையிலிருந்து இறங்கிவந்து, தண்ணீர் கேட்டு, கொண்டுவந்து கொடுப்பதற்குள் போய்விட்டார். அதன்பிறகு அவளுக்கு டவுன் பஸ், பஸ் வராவிட்டால் ஆட்டோ, ஆட்டோவும் வராவிட்டால் அலுவலகத்தில் யாராவது இரக்கப்பட்டு இறக்கிவிடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேம்பாருக்குப் போக வேண்டும். அங்கே அவளுடைய அக்காள் வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கடற்கரை ரோட்டு பஸ்ஸைப் பிடித்துப் போய்த் திரும்பினால், அக்காள் பக்கத்தில் உட்கார முக்கால் மணி நேரம் மிச்சம். யார் முகத்தையும் பார்க்காமல், யாருடைய நேரத்தையும் கேட்காமல், தானே உட்கார்ந்து தானே கிளம்ப வேண்டும். கார் அதற்குத்தான்.

அதற்காகவே ஆறு மாதத்துக்கு முன்னால் வன்னியபெருமாள் அண்ணாச்சியின் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். விடியும் முன்னே பீச் ரோட்டில் பயிற்சி. அண்ணாச்சி எதற்கும் பதறாத மனிதர். லாரி உரசிக்கொண்டு போனாலும், "அவன் போறான், நீங்க உங்க முக்கைப் பாருங்கம்மா" என்பார். ஐம்பத்திரண்டாவது வயதில் லைசென்ஸ் வந்தது. குடும்பத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எந்த வண்டி என்பதிலும் அவளுக்குக் குழப்பம் இல்லை. தினமும் ஹார்பர் போய்வர, ஞாயிறு வேம்பார் போய்வர, ஏறி உட்காருவது பெரும்பாலும் ஒரே ஆள். நீளம் குறைந்த, சட்டென்று திரும்புகிற, பின்பக்கம் மொட்டையாக முடிந்துபோகிற சின்ன வண்டி போதும். ஷோரூம்காரர்கள் ஹேட்ச்பேக் என்று சொல்கிற வகை. ஜாக்சன் மனதில் வைத்திருந்ததோ அதையே ஊதிப் பெரிதாக்கி, காலுக்கு உயரம் கொடுத்து, முகத்தில் கோபம் வரைந்துவிட்ட மாதிரியான வண்டி. அதற்கு கிராஸ்ஓவர் என்று பெயர். ஜாக்சன் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தன் மார்பையும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டான்.

பாளை ரோட்டில் இருந்த ஷோரூமுக்கு மூன்று பேரும் போனார்கள். விற்பனைக்காரன் பாண்டியராஜன் கழுத்தில் அடையாள அட்டையும் உதட்டில் ஒரே சிரிப்புமாக வந்து, ஜாக்சனுக்குக் கை கொடுத்தான், அனிஷாவுக்கு ஜூஸ் கொடுத்தான், பிளாரன்ஸுக்கு நாற்காலி கொடுத்தான். அடுத்த அரைமணி நேரமும் அவன் பேசியது ஜாக்சனின் முகத்தைப் பார்த்துத்தான். உயரமான வண்டியில் உட்கார்ந்தால் ரோடே நம் காலடியில் கிடக்குமாம். கிரவுண்ட் கிளியரன்ஸ் அதிகமாம், வண்டியின் அடி தரையில் உரசாதாம். எல்லாவற்றுக்கும் மேலே ரோடு பிரசன்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம். எதிரே வருகிறவன் பார்த்த உடனே ஒதுங்கிவிடுவானாம். நாற்பதடி கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டு வருகிற ஹார்பர் டிரெய்லர் இவர்களுடைய பிரசன்ஸைப் பார்த்து ஒதுங்குகிற காட்சியை பிளாரன்ஸ் மனதில் ஓட்டிப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது.

அவள் எழுந்து போய், ஓரத்தில் நின்ற சின்ன வண்டியின் கதவைத் திறந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். பாண்டியராஜன் ஓடிவந்தான். மேடம் பின்னால் உட்கார்ந்து கால் நீட்டிப் பார்க்கலாமே, வசதி அங்கேதான் தெரியும் என்றான். மேடம்தான் ஓட்டுவார்களா என்ற சந்தேகத்தையும் அவளிடம் கேட்காமல் ஜாக்சனிடம் கேட்டான்.

"மைனிக்கு எதுக்கு அந்தத் தொல்லை?" என்று ஜாக்சன் அண்ணியைக் காட்டிச் சிரித்தான். "அவங்க ஜம்முனு உக்காந்து வருவாங்க."

அவள் கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் என்ன தெரிகிறது என்று பார்த்தாள். ஜாக்சனின் வயிறு தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு காப்பியோடு விவாதம் நடந்தது. ஜாக்சன் மழையை எடுத்தான். அந்த டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா, சின்ன வண்டி இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிடாதா என்றான். பிளாரன்ஸ் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் உயர வண்டியும் தாழ்ந்த வண்டியும் ஒரே மாதிரி முங்கிக்கிடந்ததையும், தெருவுக்குள் பால் கொண்டுவந்தது படகு என்பதையும் அவள் பார்த்திருந்தாள். வெள்ளத்துக்காக வாங்குவதென்றால் படகே வாங்கிவிடலாம் என்று சொன்னாள். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அனிஷா சிரித்தாள்.

அனிஷாவிடம் வேறொரு யோசனை இருந்தது. வண்டியின் பின்கண்ணாடியில் சிலுவை அத்தானின் படத்தை ஸ்டிக்கராக ஒட்ட வேண்டும். பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே இரண்டு புறா. டபிள்யூஜிசி ரோட்டில் ஒருவர் அச்சு அசலாகச் செய்து கொடுக்கிறார். ஆனால் சின்ன வண்டியின் பின்கண்ணாடியில் புறாவுக்கு இடம் பற்றாது.

"ஏளா அனிஷா," என்றாள் பிளாரன்ஸ். "பின்னால வாரவன் எல்லாம் என் புருஷன் செத்த தேதியப் படிச்சிக்கிட்டே வரணுமா? அவன் அதைப் படிச்சா பிரேக்கை யார் போடுவா?"

அனிஷாவின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் அவள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நன்றாக இருந்தன.

உண்மையான விஷயம் கடைசியாகத்தான் வெளியே வந்தது. ஜாக்சன் அதைப் போகிறபோக்கில் சொன்னான். வண்டி அவனுடைய வீட்டுக் காம்பவுண்டில் நிற்கும், அங்கேதான் கேட் பெரிது. அவன் கப்பலுக்குப் போய்விட்டால் அனிஷாவின் தம்பி ஓட்டுவான், அவன் சும்மாதான் இருக்கிறான். மைனி எங்கே போக வேண்டுமென்றாலும் ஒரு போன் அடித்தால் போதும்.

பிளாரன்ஸுக்கு அப்போதுதான் வண்டி முழுசாகத் தெரிந்தது. அந்த உயரம் யாருக்கு, அந்தப் பின்சீட் யாருக்கு, கல்யாண வீட்டு வாசலில் யார் போய் இறங்குவார்கள் எல்லாம் தெரிந்தது. அவளுடைய பங்கு ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பையலுக்குப் போன் போட்டு, அவன் எழுந்து, பல் தேய்த்து, தன் அக்காள் அனிஷாவிடம் கேட்டு, அதற்குப் பிறகு வேம்பார். பஸ்ஸே தேவலை, பஸ் டிரைவருக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் போடாமல் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். எந்த வண்டியானாலும் தன் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அவள் வீடு இருந்த சந்து ஒன்றும் அகலமில்லை. மெயின் தெருவிலிருந்து திரும்புகிற முக்கில் அந்தோணியார் குருசடி இருந்தது. தெருக்காரர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிற சின்னக் கோயில். அதற்கு எதிரே ஒரு மின்கம்பம். இரண்டுக்கும் நடுவில் நுழைந்துவிட்டால் உள்ளே அவள் வீட்டு வாசலில் வண்டி நிற்க இடம் தாராளம். பிளாரன்ஸ் ஏற்கெனவே தையல் டேப்பை வைத்து அந்த முக்கை அளந்திருந்தாள். மேலே அளந்தாள், குனிந்து கீழேயும் அளந்தாள்.

ஜாக்சன் டேப்பைக் கையால் தள்ளிவிட்டான். குருசடிச் சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவே போய் நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தான். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் கடலின் ஆழத்தையும் கயிற்றின் நீளத்தையும் அப்படித்தான் அளந்தார்கள். விரித்த இரண்டு கை நீளம் ஒரு பாகம். நடுக்கடலில் திரையில் ஓடுகிற எண்களைப் பார்த்துக் கப்பல் நடத்துகிறவன்தான். ஊருக்கு வந்து இறங்கினால் அவனுக்கும் கைதான் கணக்கு. ஒரு பாகமும் ஒரு சாணும் இருக்கிறது, வண்டியின் அகலம் அதைவிடக் குறைவு, தாராளமாக நுழையும் என்று தீர்ப்புச் சொன்னான்.

"கீழ மெழுகுதிரி மேடை நீட்டிக்கிட்டு இருக்கு, பாத்துக்கோ" என்றாள் அவள்.

"மைனி, நான் மலாக்கா சந்துல கப்பலக் கொண்டுபோறவன்" என்றான் ஜாக்சன்.

அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. கேட்காதவனுக்கு இரண்டாம் முறை சொல்வதை அவள் சிலுவையோடு நிறுத்தியிருந்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு உயரமான வண்டி வந்தது. டெஸ்ட் டிரைவ் வண்டி, சிவப்பு நிறம். ஓட்டியவன் ஜாக்சன். பக்கத்தில் பாண்டியராஜன், பின்னால் அனிஷா. வருகிற செய்தி அதற்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தது, எனவே தெருவும் வந்திருந்தது. கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு ஜாக்சன் முக்கில் திருப்பினான். மேல்பாதி நுழைந்தது. கீழே என்னவோ நறநறவென்று, பெரிய தட்டில் சின்னக் கல் இழுபடுகிற மாதிரி சத்தம் வந்தது. பயந்து ஒடித்தான், பின்பக்கம் போய்க் கம்பத்தில் அண்டியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

நெஞ்சு உயரத்தில் கை விரித்து அளந்தவன் முழங்கால் உயரத்தை விட்டுவிட்டான். மெழுகுவர்த்தி மேடை அங்கே ஒரு சாணுக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மேடையைக் கட்டிக் கொடுத்ததே ஜாக்சனின் அப்பாதான். அவர் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டிப் பதித்திருந்தார்கள். வண்டிக் கதவின் சிவப்பு இப்போது அந்தப் பெயரின்மேல் ஒட்டியிருந்தது. நெஞ்சளவுக்கு மேலேதான் உலகம் என்று நினைக்கிற குடும்பம் இது என்று பிளாரன்ஸ் வாசலில் நின்றபடி நினைத்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதற்குள் தானே விரும்பி நுழைந்ததையும் சேர்த்து நினைத்தாள்.

தெருவில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கம்பத்தைக் கொஞ்சம் சாய்க்கலாம் என்றார். காற்றைப் பிடுங்கிவிட்டால் வண்டி தாழும் என்று இன்னொருவர் சொன்னார். அந்தோணியாரையே நகர்த்தி வைக்கலாமே என்று எதிரே கடை வைத்திருக்கும் சந்தனமாரி தன் வாசலிலிருந்து சொன்னதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். ஜாக்சன் இஞ்சினை உறுமவிட்டான், நிறுத்தினான், மறுபடி உறுமவிட்டான். உள்ளே கதவைத் திறக்க வழியில்லாமல் அனிஷா ஜன்னல் வழியாக விசிறிக்கொண்டிருந்தாள். பாண்டியராஜன் உதட்டிலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

பிளாரன்ஸ் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள்.

"இந்தப் பக்கக் கதவு தொறக்கும். இறங்கு."

"மைனி, நீங்க தள்ளி நில்லுங்க."

"இறங்குலே."

அந்த 'லே'யை அவள் அவனிடம் அதுவரை சொன்னதில்லை. இறங்கிவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தாள். பாண்டியராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, லைசென்ஸ் இருக்கிறதா மேடம் என்று கேட்டான். முதல்முறையாக அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. இருக்கிறது என்றாள். ரிவர்ஸ் போட்டு, விரற்கடை விரற்கடையாகப் பின்னால் எடுத்தாள். முக்கைப் பார், நீளத்தைப் பார்க்காதே என்று அண்ணாச்சி சொல்வது காதுக்குள் ஓடியது. ஓடியும் என்ன, கம்பத்துப் பக்கம் இன்னொரு கோடு விழத்தான் செய்தது. ஜாக்சன் போட்டதைவிடச் சின்னது. ஏழெட்டு முறை முன்னும் பின்னும் ஆட்டி, வண்டி மெயின் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரும் கை தட்டவில்லை. வேடிக்கை முடிந்துவிட்ட வருத்தம்தான் தெருவுக்கு.

பெயின்ட்டுக்கு என்ன வரும் என்பதை ஜாக்சனும் பாண்டியராஜனும் ஒதுக்குப்புறமாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். பிறகு ஜாக்சன் அவள் வீட்டுக்குள் வந்து, நாற்காலியில் உட்காராமல், சுவரைப் பார்த்து நின்றான். எப்போது லைசென்ஸ் எடுத்தீர்கள் என்று கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கேட்டது வேறு.

"அண்ணன் ஆசைப்பட்டது இந்த மாதிரி உசரமான வண்டிக்குத்தான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கையில் இருந்ததிலேயே பெரிய கல்லை எடுத்து எறிந்துவிட்டான். அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாக சிலுவை தன் போனில் அந்த வண்டிகளின் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். சாப்பிடும்போது பார்ப்பார், கழிப்பறையில் பார்ப்பார். ரோட்டில் சின்ன வண்டி போனால், சோப்பு டப்பா போகிறது என்பார். நாள் முழுக்க ஆகாயத்தில் உட்கார்ந்து கன்டெய்னர் தூக்குகிறவன் மாலையில் தரையோடு தரையாக உட்கார்ந்து வீட்டுக்கு வர முடியாது என்பார். நானும் ஓட்டப் பழகட்டுமா என்று ஒருமுறை அவள் கேட்டதற்கு, நீ எதுக்கு என்று இரண்டே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நல்ல மனிதர்தான். அவர் போனபிறகு வீட்டில் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூட அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்த நாட்கள் உண்டு. ஆனால் நெஞ்சளவுக்குக் கீழே பார்க்காத வீட்டில் அவரும் ஒருவர்தான். செத்துப்போனதற்காக அதை மாற்றிச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ஆசைப்பட்டாரு, நெசந்தான்" என்றாள். "இருந்திருந்தா வாங்கியிருப்பாரு. வாங்கி அந்த மேடையில உன்னை மாதிரியே முட்டியிருப்பாரு. நான் பின்னால உக்காந்துருப்பேன். இப்ப அவரு இல்ல. ஓட்டப்போறது நான்."

"ஊர் என்ன சொல்லும்?"

"உங்கப்பா மேடையில செவப்பு பெயின்ட் எப்படி வந்துதுன்னு அவங்க பேசி முடிக்கவே வருஷமாகும். அதுக்கப்புறம் என் வண்டியப் பத்திப் பேசட்டும்."

ஜாக்சன் போய்விட்டான். சின்ன வண்டியை அவள் திங்கட்கிழமை அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுத் தனியாகப் போய்ப் பதிவுசெய்தாள். எடுக்கிற நாளில் ஷோரூம்காரர்கள் வழக்கமாக அட்டையில் செய்த பெரிய சாவியைக் குடும்பத்தின் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். குடும்பம் வரவில்லை. அந்த அட்டைச் சாவி வேண்டாம், உண்மையான சாவியைக் கொடு என்றாள் அவள். ஷோரூம் வாசலிலேயே வண்டி ஒருமுறை ஆஃப் ஆகி நின்றது. பின்னால் ஹாரன் அடித்தவனுக்காக அவசரப்படாமல் மறுபடி எடுத்தாள்.

வருஷப் பூசைக்குக் குடும்பத்தார் எல்லோரும் கோயிலுக்கு நடந்தே வந்தார்கள். அவளுடைய வண்டியில் ஏறக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அந்த வெயிலில் பட்டுச்சேலையும் ஷூவுமாக அவர்கள் வியர்த்து வந்து சேர்ந்தபோது, பிளாரன்ஸ் முன்வரிசையில் உட்கார்ந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது.

ஜாக்சன் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. காலை விமானம், வாகைக்குளத்தில். ஏற்பாடு செய்திருந்த டாக்ஸிக்காரன் ஏழு மணிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டான். ஏழேகாலுக்கு அனிஷா போன் செய்து, அக்கா என்றாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பிளாரன்ஸ் அந்தப் பக்கத்து மௌனத்தைச் சற்று நேரம் அனுபவித்துவிட்டு, வருகிறேன் என்றாள்.

பெட்டி பின்னால் பாங்காக உட்கார்ந்தது. ஜாக்சன்தான் உட்காரவில்லை. முன்சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிய பிறகே அவனுடைய முழங்கால்கள் உள்ளே வந்தன. பாளை ரோடு வரை பொறுத்திருந்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. கிளட்ச்சிலிருந்து காலை எடுங்கள் என்றான். இந்த டிரெய்லரை இப்போது முந்தலாம் என்றான். இப்போது முந்தியிருக்கக் கூடாது என்றான். மூன்றாவது கியர் என்றான்.

அவள் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை முறையாக ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"ஜாக்சன். இறங்கி நடக்கியா, வாயை மூடிக்கிட்டு வாரியா? பிளைட்டுக்கு நேரம் உனக்குத்தான் ஆகுது, எனக்கில்ல."

விமான நிலையம் வரை அவன் ஜன்னல் வழியாகக் கருவேல மரங்களை எண்ணிக்கொண்டு வந்தான். இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினான். திறந்து, இன்னொரு முறை சாத்தினான்.

"கதவுச் சத்தமே வத்தலா இருக்கு மைனி."

"பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டியா?" என்றாள் அவள்.

எடுத்திருந்தான். அவன் அதைச் சட்டைப்பையில் தட்டிக் காட்டி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

நேரே அலுவலகம்தான். ரோடு முழுக்க ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள். அவற்றின் நடுவே அவள் எந்தப் பிரசன்ஸும் இல்லாமல் புகுந்து புகுந்து போனாள். பக்கத்து சீட் கடைசிவரை பின்னால் தள்ளியபடியே இருந்தது. அந்த வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் ஒரே கால்நீளம். சிலுவையே இப்போதுதான் இறங்கிப்போன மாதிரி அந்த இடம் காலியாகக் கிடந்தது. அதில் வைத்திருந்த சாப்பாட்டுப் பை ஒவ்வொரு பிரேக்குக்கும் சரிந்து கீழே விழுந்தது. இரண்டு முறை எடுத்து வைத்தாள். மூன்றாம் முறை விழுந்தபோது, குழம்பு கொட்டிவிடும் என்று, ஒரு பெட்டிக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தி இறங்கினாள். சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றாள். சீட்டின் துணியில் ஒரு முறை உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, சீட்டை எவ்வளவு முன்னால் வருமோ அவ்வளவு முன்னால் தள்ளி, பையை அதற்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் இடுக்கி வைத்தாள்.

மணி ஒன்பதே கால். அன்றைக்கு மூன்று கப்பலுக்குக் காகிதம் இருந்தது.